பச்சைக் கிண்ணங்களில் கட்டுச்சோறு

நிறம் பார்ப்பதில் என்னை மிஞ்ச இந்தப் பக்கத்தில் ஆள் இல்லை என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. பதினொரு வருடம் ஒரு சாயப்பட்டறையின் லேபில் வேலை பார்த்தவள் நான். துணி வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் தபால்தலை அளவுத் துணியைப் பார்த்ததும் எந்தச் சாயம் எவ்வளவு போட வேண்டும் என்று மனதுக்குள் ஓடிவிடும். மூன்றாவது முறை முக்கி எடுக்கும்போது அதே நிறம் வந்து நிற்கும். லைட் பாக்ஸ் என்று ஒரு பெட்டி உண்டு. அதற்குள் இரண்டு துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விளக்கை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். ஒத்துப்போனால் கையெழுத்து விழும், டன் கணக்கில் துணி ஓடும். உள்ளே என்ன போட்டாய் என்று அந்தப் பெட்டி முன்னால் யாரும் கேட்டதில்லை. கண் சரி என்றால் எல்லாம் சரி. அந்தப் பழக்கம் கடைசியில் என் தங்கை வயிற்றுப் பிள்ளையின் தலையில் போய் விடிந்தது.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் என் வாயால் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் என்மேல் இரக்கப்பட்டுச் சொல்வார்கள், அது எனக்கு இன்னும் எரிச்சல்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு பனியன் கம்பெனி முதலாளி முதலிபாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பீங்கான் மக் செய்யும் யூனிட் ஒன்றைத் தொடங்கினார். டீ-ஷர்ட்டும் அதே நிறத்தில் ஒரு மக்கும் ஒரே டப்பாவில் போட்டு அனுப்பும் யோசனை. மண் பிசையவும் அச்சில் வார்க்கவும் ஆள் கிடைத்தார்கள். நிறத்தைப் பிடித்துத் தர ஆள் கிடைக்கவில்லை. "அம்மிணி, துணியில பண்ணறதை மண்ணுல பண்ணிக் குடுங்க, போதும்" என்றார். அவ்வளவுதானே என்று போய்ச் சேர்ந்தேன்.

முதல் மூன்று மாதம் மண்ணைக் கவ்வினேன். சாயப்பட்டறையில் எல்லாம் தண்ணீரில் கரைய வேண்டும். கரையாத பொடி துணியில் புள்ளி போட்டுவிடும். பீங்கானின் மேல் பளபளப்புக்காகப் பூசும் கிளேஸ் இதற்கு நேர்மாறு. கல்லும் மணலும் மாவாக அரைத்துத் தண்ணீரில் கலக்கிய குழம்பு அது. பொடி தண்ணீரில் மிதக்கலாம், கரையக் கூடாது. குறைந்த சூட்டில் உருகுவதற்காக அதில் சேர்க்கும் வெண்காரமோ நன்றாகக் கரையும். வாளியில் பொடி அடியில் தங்கியதும், நான் மேலே நின்ற தண்ணீரைக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றினேன். துணி அலசிப் பழகிய கை, சும்மா இருக்குமா? வெண்காரம் அத்தனையும் சாக்கடையில் போய்விட்டது. மக்குகள் சூளையிலிருந்து உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று வெளியே வந்தன.

அதற்கு மருந்தாக வந்ததுதான் ஃப்ரிட். வெண்காரத்தையும் மணலையும் முன்கூட்டியே பெரிய உலையில் ஒன்றாக உருக்கிக் கண்ணாடியாக்கிவிடுவார்கள். அந்தக் குழம்பைச் சூட்டோடு தண்ணீரில் ஊற்றினால் பொரிந்து நொறுங்கும். அதை அரைத்த வெள்ளை மாவு மூட்டையில் வரும். கண்ணாடியாகிவிட்ட வெண்காரம் இனித் தண்ணீரில் கரையாது. எத்தனை அலசு அலசினாலும் போகாது. எனக்காகவே கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்தக் கண்ணாடிக்குள் வெண்காரத்தோடு வேறு எதையெல்லாம் உருக்கிச் சேர்க்கலாம் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

என் தங்கை என்னைவிடப் பத்து வயது இளையவள். அம்மா போனபோது அவள் ஏழாம் வகுப்பு. சடை பின்னிவிட்டதிலிருந்து கல்யாணம் செய்துவைத்தது வரை எல்லாம் நான்தான். குண்டடம் பக்கத்தில் தோட்டமும் மாடுகளுமாக நல்ல குடும்பத்தில் கொடுத்தோம். ஏழு வருடம் வயிறு திறக்கவில்லை. எட்டாவது வருடம் ஒரு நாள் ஃபோனில், "அக்கா, நின்னிருச்சுக்கா" என்றாள். ஃபோனை வைப்பதற்குள் நான் ஒன்பது மாதத்தையும் விரல்விட்டு எண்ணிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒன்பதாம் மாதம் கட்டுச்சோறு விருந்து வைப்பார்கள். பிறந்த வீட்டார் ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், பிள்ளைத்தாய்ச்சிக்கு முதல் வாய் ஊட்டி, அவளைப் பிரசவத்துக்கு அழைத்துக்கொண்டு வர வேண்டும். புளி, எலுமிச்சை, மாங்காய், தக்காளி, தயிர், தேங்காய், சர்க்கரைப் பொங்கல். அம்மா செய்ய வேண்டியதை நான் செய்யப் போகிறேன். எல்லோரையும்போல எவர்சில்வர் தூக்கில் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. ஏழு கிண்ணத்தையும் என் கையாலேயே செய்து, வாழைக் குருத்தின் பச்சையில் கிளேஸ் கொடுத்து, தாய் இல்லாத வீட்டுச் சீர் எப்படி இருக்கிறது பாருங்கள் என்று அந்த ஊர் முன்னால் வைக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆசை பாதி, வீம்பு பாதி.

கிளேஸில் பச்சை வரத் தாமிரப் பொடி போட வேண்டும். எங்கள் வழக்கமான ஃப்ரிட்டில் தாமிரம் போட்டால் பச்சையில் நீலம் அடித்தது. பத்துத் தடவை மாற்றிப் பார்த்தும் குருத்தின் நிறம் வரவில்லை. பொடி வியாபாரிக்கு ஃபோன் செய்து வேறு ஃப்ரிட் கேட்டேன். சாம்பிள் என்று சின்ன மூட்டை ஒன்று வந்தது. மேலே ஒரு எண் மட்டும் எழுதியிருந்தது. மூட்டை கிழிந்திருந்ததால் நூல் கோன் வந்த பாலிதீன் பையில் கொட்டிக் கட்டினோம். அந்த எண்ணும் பழைய மூட்டையோடு குப்பைக்குப் போயிற்று.

முதல் தடவையிலேயே நிறம் வந்துவிட்டது. வழக்கமான சூட்டுக்கு முன்பே உருகி, எண்ணெய் தடவியதுபோல மின்னியது. எஸ்டேட் வாசலில் நின்ற வாழையில் குருத்தைக் கிள்ளிக்கொண்டு வந்து லைட் பாக்ஸில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. எனக்கு நானே ஓகே சொல்லிக்கொண்டு, அந்த முதல் கிண்ணத்தை நிறம் பார்க்கட்டும் என்று குண்டடம் போகிற சொந்தக்காரர் கையில் தங்கைக்குக் கொடுத்தனுப்பினேன். அப்புறம் இரண்டு மாதம் வேலைக்கு நடுவே நேரம் கிடைத்தபோதெல்லாம் ஏழு கிண்ணத்தையும் செய்தேன்.

விருந்தன்று விடியற்காலையில் சமைத்து, சூட்டோடு ஏழு கிண்ணத்திலும் நிரப்பினோம். விருந்தாளிகளுக்கான மீதிச் சோறு அண்டாக்களில் இருந்தது. ஏழு மணிக்கு எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு சின்னம்மாவும் சொந்தக்காரர்களும் கிளம்பினார்கள். சின்னம்மா என் அம்மாவின் தங்கை. அம்மா இடத்தில் அவளைத்தான் முன்னால் நிறுத்தியிருந்தேன். கிண்ணங்களுக்குச் செய்த மூடிகள் முந்தின நாள்தான் சூளைக்குள் போயிருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னாலேயே வருகிறேன் என்று நான் யூனிட்டுக்குப் போனேன்.

கிளேஸ் குழம்பு அரைக்கும் டிரம்மை ஓட்டுகிறவர் அங்கே இருந்தார். உத்தரப் பிரதேசத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அங்கே பீங்கான் பட்டறைகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அக்கா என்பதற்கு அவர் பாஷையில் தீதி என்றுதான் என்னைக் கூப்பிடுவார். நான் மூடிகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"தீதி, நாளைக்கு அந்தப் பச்சை இன்னொரு டிரம் ஓட்டணுமா?"

"ஓட்டுங்க. மொதலாளிகிட்டக் காட்டணும். அடுத்த ஆர்டர் மக்கெல்லாம் இந்தப் பொடியிலதான்."

அவர் போகவில்லை. தலையைச் சொறிந்தார். "மக்குக்கா? அந்தப் பொடி பஹுத் பாரி, ரொம்பக் கனம், தீதி. பழைய பொடி அஞ்சு கிலோ போட்டா சின்ன டிரம் முக்கால் வரும். இது அஞ்சு கிலோ, பாதிகூட வரலே. எங்க ஊர்லே இந்த மாதிரி பாரி பொடி பூ ஜாடிக்குத்தான் போடுவாங்க. கானே கா நஹி."

சாப்பிடும் பாத்திரத்துக்கு இல்லை என்கிறார். "இதை ஏன் முன்னாலயே சொல்லலை?" என்று எரிந்து விழுந்தேன்.

"முதல் நாளே சொன்னேன், தீதி. நீங்க கலர் பார்த்துக்கிட்டு இருந்தீங்க."

சொல்லியிருக்கிறார். எனக்கும் லேசாக ஞாபகம் வந்தது. குருத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பிறகு பேசலாம் என்று கையைக் காட்டியிருக்கிறேன்.

பாலிதீன் பையைத் தூக்கிப் பார்த்தேன். தலையணை அளவுகூட இல்லாத பை, இடுப்பைப் பிடித்து இழுத்தது. வெள்ளை மாவு இத்தனை கனமாக இருக்கிறது, சீக்கிரம் உருகுகிறது, எண்ணெய் மாதிரி மின்னுகிறது. காரீயம். அந்த வார்த்தை மனதில் வந்ததும் பையைக் கீழே வைத்துவிட்டேன். குழந்தைகள் உடுப்பின் பட்டனில், ஜிப்பில், பிரிண்ட்டில் காரீயம் இருக்கக் கூடாது என்று பையர்கள் அனுப்பும் தடைப் பட்டியல் உண்டு. சாயப்பட்டறையில் அந்தப் பட்டியலில் டிக் அடித்தவளே நான்தான். குழந்தையின் மூளையைக் கெடுக்கும் என்று புதிதாக வேலைக்கு வந்த பெண்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்.

இல்லாமலும் இருக்கலாம் என்று ஒரு பக்கம் மனம் அடித்துக்கொண்டது. நிச்சயமாகத் தெரியாமல் நூறு பேர் முன்னால் போய் என்ன சொல்வது? பக்கத்து யூனிட்டில் கறுப்பு நூலுக்குச் சல்ஃபர் சாயம் போடுகிறார்கள். ஓடிப்போய் வாட்ச்மேனிடம் கெஞ்சி ஒரு கைப்பிடி சோடியம் சல்பைடும் ஒரு பாட்டில் அசிட்டிக் அமிலமும் வாங்கி வந்தேன். காரீயத்தின் மேல் சல்பைடு பட்டால் கறுக்கும் என்பது லேபில் படித்தது. இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கலந்த அமிலம் ஊற்றி, ஒன்றில் பழைய ஃப்ரிட்டும் ஒன்றில் புதியதும் போட்டு, சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் நிறுத்தினேன். அரை மணி நேரம். அந்த அரை மணியில் நான் உட்காரவில்லை. டிரம்காரர் டீ கொண்டுவந்து வைத்தார், ஆடை படிந்தது.

எட்டரை மணிக்கு இரண்டிலும் தெளிந்த தண்ணீரை மட்டும் இறுத்து, சல்பைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. பழைய ஃப்ரிட் டம்ளரில் பால் கலந்ததுபோல வெண்மை பரவி அப்படியே நின்றது. மற்றது முதலில் பழுப்பானது, பிறகு ஓரத்திலிருந்து உள்ளே கறுத்தது. இன்னொரு சொட்டு விட்டேன். முழுக்கக் கறுத்தது. லைட் பாக்ஸ் தேவைப்படாத நிறம்.

வியாபாரிக்கு ஃபோன் செய்தேன். திட்டுவதற்கு வாயில் வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன். அவர் நிதானமாகத்தான் பேசினார்.

"ஆமாங்க, லெட் ஃப்ரிட்டுத்தானுங்க. அன்னிக்கே கேட்டனுங்களே. சாப்பாட்டுச் சாமானத்துக்குங்களா, அலங்காரத்துக்குங்களான்னு. பச்சை வந்தாப் போதும், அதைப் பத்தி உங்களுக்கென்னன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

நான் ஃபோனை வைத்துவிட்டேன். சொன்னேன். அதே வார்த்தைகளில் சொன்னேன். சமையலுக்கு நடுவில் ஒரு கேள்வி வந்தால் எப்படி எரிச்சலாக இருக்குமோ அப்படிச் சொன்னேன்.

தங்கைக்குத் திரும்பத் திரும்ப அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. வளையல் போட்டுக்கொண்டிருப்பாள். சின்னம்மாவுக்கு அடித்தேன், கடைசியில் எடுத்தாள். பின்னால் ஒரே சந்தடி.

"சின்னம்மா, நான் சொல்றதைக் கேளுங்க. கிண்ணத்துச் சோத்தை யாரையும் தொட உடாதீங்க. அந்தப் பூச்சுல காரீயம் இருக்குது. புளிப்புப் பட்டாச் சோத்துல எறங்கிரும். வயித்துப் புள்ளைக்கு ஆகாது."

சந்தடி குறைந்தது, ஒதுங்கிப் போயிருப்பாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏங் கண்ணு, பித்தளைக்கு ஈயம் பூசி நாம திங்கலையா?" என்றாள்.

"அது வெள்ளீயம் சின்னம்மா. இது வேற. இது வெசம்."

"அந்த வார்த்தையைச் சொல்லாத. இங்க ஊரே வந்து உக்காந்திருக்குது. எல்லாரும் அந்தக் கிண்ணத்தைத்தான் தொட்டுத் தொட்டுப் பாக்கறாங்க. நல்ல நாளும் அதுவுமா, நாங்க கொண்டாந்த சோறு ஆகாதுன்னு என்ர வாயால எப்படிச் சொல்றது? பத்தரைக்குள்ள மொத வாய் ஊட்டோணுமாமா. நீ வந்து என்னவோ பேசிக்க."

வைத்துவிட்டாள். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. மணி ஒன்பதேகால். மூடிகளை அங்கேயே போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி என்ன சொல்வது? எதிரில் வந்த லாரிக்காரன் ஒருவன் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியது மட்டும் காதில் விழுந்தது. விடியற்காலை ஐந்தரைக்கு நிரப்பிய சோறு. புளிக்கரைசலை நானே கெட்டியாகக் கரைத்தேன், அவளுக்குப் புளிப்புத் தூக்கலாக இருந்தால் பிடிக்கும் என்று. ஐந்து மணி நேரம் ஊறிய சோற்றில் என்ன இறங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் போட்டு, முடிக்க முடியாமல் மறுபடி தொடங்கினேன். தாமிரமும் காரீயமும் சேர்ந்த கிளேஸ் இன்னும் மோசமாக விட்டுக்கொடுக்கும் என்று எங்கேயோ படித்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் பத்துத் தடவை மெனக்கெட்டுத் தேடிப் பிடித்த அந்தப் பச்சை, இரண்டும் சேர்ந்ததால்தான் வந்தது. குண்டடம் தாண்டி மண் ரோட்டில் திரும்பியபோது மணி பத்து இருபது.

பந்தலுக்குள் செருப்போடு ஓடினேன். தங்கை பலகையில் உட்கார்ந்திருந்தாள், கழுத்தில் மாலை, முழங்கை வரை வளையல். அவள் முன்னால் ஏழு கிண்ணங்கள் அரைவட்டமாக. என்னை எதிர்பார்த்துப் பார்த்து, நேரம் போகிறது என்று, சின்னம்மாவையே ஊட்டச் சொல்லியிருக்கிறார்கள். சின்னம்மாவின் கை புளிச்சோற்றுக் கிண்ணத்துக்குள் இருந்தது. உருட்டிய கவளத்தோடு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

தங்கையின் மாமியார் எழுந்து வந்தார். அதிர்ந்து பேசாத மனுஷி. நானும் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

"ஏனம்மிணி, என்ன கொறை?"

"கொறை சோத்துலில்லீங்கத்தை, கிண்ணத்துலீங்க. நாந்தான் தப்புப் பண்ணிப்போட்டேன். பூச்சுல வெசமிருக்குதுங்க. இதுல இருந்து ஒரு பருக்கை அவ வாயில படக் கூடாதுங்க."

சின்னம்மா கண்ணை மூடிக்கொண்டாள். யாரோ ஒரு பெண், "கட்டுச்சோத்துல வெசம்ங்கறாளா?" என்று பக்கத்திலிருந்தவளிடம் கேட்டது என் காதில் தெளிவாக விழுந்தது. அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்கிறேனா, புத்தி பேதலித்துவிட்டதா என்று பார்த்திருப்பார்.

"வேற சோறு வந்திருக்குதா, உங்க ஊட்டுச் சோறு?"

"வேன்ல அண்டாவுல இருக்குதுங்க. அது எவர்சில்வருங்க."

"போய்க் கையைக் கழுவிட்டு வா."

கிண்ணங்களை அவரே ஒவ்வொன்றாக எடுத்துப் பந்தலுக்கு வெளியே வைத்தார். வாழை இலை வந்தது, அண்டாவிலிருந்து சோறு வந்தது. பத்தரைக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது தங்கைக்கு முதல் வாய் ஊட்டினேன். என் விரல் அவள் பல்லில் இடித்தது. அவள் மென்று விழுங்கியதும்தான் எனக்கு மூச்சு வந்தது. மானம் போனால் போகட்டும், பிள்ளை பிழைத்தது என்று நினைத்தேன். அழுதும்விட்டேன், எல்லோர் முன்னாலும்.

தங்கை என் சேலையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன்.

"அக்கா, மொதல்ல ஒரு கிண்ணம் குடுத்தனுப்புனியல்ல?"

எனக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது.

"அது எங்க?"

"அடுப்படியில. ரெண்டு மாசமா அதுலதான் மாங்கா நறுக்கி உப்புப் போட்டு வெச்சுத் திங்கறேன். வாய்க்கசப்புக்கு அதொண்ணுதான் ஒத்துக்குச்சு."

எழுந்து அடுக்களைக்குப் போனேன். மேடையில் தட்டால் மூடி வைத்திருந்தது. பாதிக் கிண்ணம் மாங்காய்த் துண்டும் உப்புத்தண்ணீரும். தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்பக்கம் பார்த்தேன். தண்ணீர் நின்ற மட்டத்துக்கு மேலே குருத்துப் பச்சை அப்படியே மின்னியது. அதற்குக் கீழே பளபளப்பு செத்து, சாம்பல் பூத்துப்போய், விரலால் தடவினால் சொரசொரத்தது. போன பளபளப்பு எங்கே போயிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அத்தை பின்னாலேயே வந்து நின்றிருக்கிறார். கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். அவருக்கும் புரிந்தது.

"புள்ளை இங்கயே இருக்கட்டும் அம்மிணி" என்றார். "பெரசவத்தை நாங்களே பாத்துக்கறோம்."

பிறந்த வீட்டுக்கு அனுப்பவில்லை என்பதை இதைவிட மரியாதையாக யாராலும் சொல்ல முடியாது. வேன் அவள் இல்லாமல் திரும்பியது. வழி முழுக்கச் சின்னம்மா என்னோடு பேசவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் தங்கையின் ரத்தத்தை எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்பினார்கள். முடிவு வர எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளில் முதலாளியிடம் நடந்ததைச் சொல்லி, கம்பெனி மக்குகளையும் சோதனைக்கு அனுப்பினேன். அவை பழைய ஃப்ரிட், சுத்தமாக வந்தன. அதில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. யாரோ முகம் தெரியாதவர்கள் குடிக்கும் மக்கெல்லாம் சுத்தம், என் வீட்டுக் கிண்ணம் மட்டும் இப்படி. எட்டாம் நாள் தங்கையின் ரத்தத்தில் காரீயம் இருக்க வேண்டியதைவிட அதிகம் என்று வந்தது. டாக்டரம்மா அதட்டவில்லை. பால், இரும்பு மாத்திரை, கால்சியம் என்று எழுதிக் கொடுத்தார். பிள்ளைக்கும் போயிருக்குமா என்று கேட்டேன். "போகும்மா. தாய் ரத்தத்துல இருக்கறது பிள்ளைக்கும் போகும். பொறந்ததும் பார்க்கலாம்" என்றார்.

பெண் குழந்தை. எடை கொஞ்சம் குறைவு, மற்றபடி குறை சொல்ல ஒன்றும் இல்லை, கத்தினால் தெரு வரை கேட்கும். தொப்புள்கொடி ரத்தத்திலும் காரீயம் இருந்தது. கொஞ்சம்தான் என்றார்கள். அந்தக் கொஞ்சம் என்ன செய்யும் என்று கேட்டதற்கு, இப்போது சொல்ல முடியாது, தவழ்வது, பேசுவது, படிப்பது எல்லாவற்றையும் வருடக்கணக்கில் கவனித்துக்கொண்டு வர வேண்டும் என்றார்கள். ஆகவே எனக்கு இந்தக் கதைக்கு முடிவு தெரியாது. அவள் பள்ளிக்கூடம் போய் முதல் பாடம் எழுதும் வரை தெரியாது.

முதல் மாதம் ரத்தம் எடுக்கப் போனபோது என்னையும் வரச் சொன்னாள் தங்கை. ஊசி குத்தும்போது குழந்தையின் காலை நான்தான் பிடித்துக்கொண்டேன். மூன்றாம் மாதமும் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் அவளும் அத்தையும் நானும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம்.

அத்தைக்கு வியாபாரியின் மேல் ஆத்திரம் அடங்கவே இல்லை. "அவனை உடக் கூடாது. போலீசுல எழுதிக் குடுக்கோணும். ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்திருந்தா இந்தப் பச்சைமண்ணுக்கு ஊசி குத்தற வேலை வந்திருக்குமா?"

"அதானுங்கத்தை" என்றாள் தங்கை. "அக்காளுக்கு என்னங்க தெரியும்? அவன் சொல்லாமத்தான குடுத்துப்போட்டான்."

மூன்று மாதமாக அவள் இதைத்தான் எல்லோரிடமும் சொல்லிவருகிறாள் என்பது எனக்குத் தெரியும். என்னை விட்டுக்கொடுக்காமல், தோட்டத்தில், சொந்தத்தில், யார் என்ன கேட்டாலும் இதே பதில். வாயை மூடிக்கொண்டிருந்தால் இத்தோடு முடிந்துவிடும். வியாபாரி அடிவாங்குவான், நான் அப்பாவியாக இருந்துகொள்வேன். என்னால் முடியவில்லை.

"அவன் கேட்டான்" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"சாப்பாட்டுச் சாமானத்துக்கா, அலங்காரத்துக்கான்னு கேட்டான். நாந்தான், பச்சை வந்தாப் போதும், உனக்கென்னன்னு சொல்லிப்போட்டேன்."

அத்தை தலையைத் திருப்பிக்கொண்டார். தங்கை மடியில் கிடந்த குழந்தையின் குல்லாவைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது, மறுபடியும் சரிசெய்தாள்.

"அவன் கேட்டப்ப, என்னை நெனச்சியாக்கா?"

"நெனச்சேன். அந்தக் கிண்ணத்தைப் பாத்தா உன்ர மூஞ்சி எப்படி இருக்கும்னு நெனச்சேன்."

"அதுல திம்பேன்னு நெனைக்கலியா?"

"இல்லை."

நர்ஸ் வந்து பெயரைக் கூப்பிட்டாள். பழக்கத்தில் நான் எழுந்துவிட்டேன், குழந்தையை வாங்கக் கையும் நீட்டிவிட்டேன். தங்கை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"அத்தை, நீங்க வாங்க. காலைப் பிடிச்சுக்கோணும்."

அவர்கள் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் குழந்தை வீறிட்டு அழுதது. நான் வெளியிலேயே உட்கார்ந்திருந்தேன்.